கூவிக் கூவித் திரும்ப வாங்கிய கீரை

கீரைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும் கீரையைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தக் கீரை சூட்டுக்கு நல்லது, புதினாக் குச்சியைத் தொட்டியில் நட்டால் பிடிக்குமா, கொத்தமல்லி ஏன் முளைக்கவே மாட்டேன் என்கிறது. போன மாதம் என் மகள் என்னை ஊரப்பாக்கத்தில் நிழல்வலைக்குக் கீழே கீரை போடுகிற ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனாள். தலையில் தொப்பியும் கையில் உறையுமாக வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "உங்க தோட்டத்துல யார் யாரெல்லாம் வேலை செஞ்சாங்க ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவசரத்தில் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதாது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சரோஜா. எங்களைப் போன்றவர்களுக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் எல்லாம் கிடையாது. முட்டி மடங்க மாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு ரிட்டயர்டு. அதற்கு முன்னால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேலையூர் பக்கம் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டி இருந்த ஒரு சின்னத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். இப்போது அங்கே மூன்று தெரு இருக்கிறது.

நான் சேர்ந்தபோது கல்யாணமாகி வந்த புதிது. பாத்தி கட்டுவது, விதையில் மணலைக் கலந்து ஒரே சீராகத் தூவுவது, எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் ஓரத்தில் சாம்பல் போடுவது எல்லாம் முதல் மழைக்குள் கைவந்துவிட்டது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து களை பிடுங்குவதுதான் இடுப்பை உடைத்தது. அதுவும் பழகிவிட்டது. கற்றுக்கொண்டதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

தோட்டத்துக்காரர் பெயர் ராஜகோபால். அந்த ஊர்க்காரர்தான். அண்ணன் தம்பிகள் நான்கு பேரில் மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை மனை போட்டு விற்றுவிட்டுக் கடை வைத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பார்த்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கீரை போட்டார். நாங்கள் அவரை டெலிபோன் சார் என்போம். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் டெலிபோன் சார்.

அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாத்திக்கு அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் கூப்பிட மாட்டார், வரப்பிலேயே நடந்து பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். கூலிக்கு வந்த எங்களை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள்கூட எங்களை அப்படிக் கூப்பிட்டது கிடையாது. முதலில் கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். இன்னொரு பழக்கமும் இருந்தது. நாம் ஒன்று சொன்னால் அதையே ஒருமுறை திருப்பிச் சொல்வார். "நாளைக்கு வர மாட்டேன் சார், குழந்தைக்கு ஜுரம்" என்றால், "நாளைக்கு வர மாட்டீங்க. குழந்தைக்கு ஜுரம். சரி" என்பார். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடும்போது நம்பரைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி வந்த பழக்கமாம். ஆனால் நாம் பொய் சொல்லியிருந்தால், நம்முடைய பொய் அவர் வாயிலிருந்து திரும்பி வரும்போது கேட்கவே கஷ்டமாக இருக்கும். அதனாலேயே அவரிடம் நாங்கள் அதிகம் பொய் சொன்னதில்லை.

மேரியக்கா எங்களில் மூத்தவர். தொட்டியில் கீரை அலசுவது அவர் வேலை. முனுசாமி அண்ணன் பம்பு செட்டுக்கும் சைக்கிளுக்கும். எங்களோடு இன்னும் சில பெண்கள், வருவதும் போவதுமாக இருப்பார்கள். தனம் எனக்குப் பிறகு வந்தவள். இடதுகைக்காரி. கீரைக்கட்டை வாழைநாரால் சுற்றி அவள் முடிச்சுப் போட்டால் முடிச்சு எங்களுடையதற்கு நேர்மாறாகத் திரும்பியிருக்கும். "தனம் கட்டு" என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் வேலை இப்படித்தான் நடக்கும். காலையில் களை, விதைப்பு, தண்ணீர் கட்டுவது. வெயில் தாழ்ந்த பிறகு கீரை பிடுங்குவது. உச்சி வெயிலில் பிடுங்கினால் துவண்டுவிடும், மார்க்கெட்டில் வாங்க மாட்டார்கள். அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் வரிசையாக உட்கார்ந்து, வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, வேர்ப்பக்கம் சமமாக வைத்து, ஒரு பிடிக்கு ஒரு கட்டு என்று கட்டிப் போட்டுக்கொண்டே நகர வேண்டும். மேரியக்கா வேரை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரச்சாக்கில் அடுக்கி மூடி வைப்பார். விடிந்ததும் முனுசாமி அண்ணன் சைக்கிளில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஒரு பங்கு. கன்னியம்மா என்கிற கூடைக்காரம்மா சேலையூர்க் குடியிருப்புகளில் விற்க ஒரு பங்கு. மார்கழியில் சீக்கிரமே இருட்டிவிடும். அப்போது வரப்பில் ஒரு பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு பிடுங்குவோம். தாம்பரம் விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் கடைசியாக ஒரு சுற்று சுற்றி இறங்குகிற நேரம் அது.

அப்படி ஒரு மார்கழி. மழை அந்த வருஷம் விடாமல் பெய்து, களை எடுக்கவே முடியாமல் போயிருந்தது. அதோடு புதிதாக ஓர் இடத்திலிருந்து ஒரு வண்டி எரு வந்திருந்தது. முளைக்கீரைப் பாத்தியில் கண்ட கண்ட செடியெல்லாம் முளைத்தன. பெரிய களையை மட்டும் அவசரமாகப் பிடுங்கிவிட்டு, மறுநாள் மாலை கீரையைப் பிடுங்கினோம்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்கூட்டரில் ஒருவர் வந்து வேகமாக இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. முகம் வெளுத்திருந்தது. "இந்தக் கீரை இங்கேர்ந்து வந்ததா? கன்னியம்மாகிட்ட வாங்கினது" என்றார்.

அவர் பெயர் சேகர். சேலையூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்த வசந்தாவின் வீட்டுக்காரர். காலையில் கன்னியம்மாவிடம் இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கியிருக்கிறார்கள். டீச்சர் ஒன்றைக் கடைந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பிறகு அவருடைய மாமியார் சீக்கிரமே சாப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டு, முகம் சிவந்து, கண்மணி பெரிதாகி, இல்லாத நூலைக் காற்றில் பிடித்துப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். பெற்ற மகனையே யார் நீ என்று கேட்டாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கேள்வியாக, என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார். மிச்சக் கீரையை எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஊமத்தை" என்றிருக்கிறார்.

சேகர் கூடையைக் கவிழ்த்தார். பாதி அவிழ்ந்த ஒரு கட்டு விழுந்தது. முளைக்கீரைக்கு நடுவே இளசாக ஒரு ஊமத்தங்கன்று. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் எங்களில் யாருக்கும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இலை அகலம், கசக்கினால் ஒரு நாற்றம்.

ஆனால் நாங்கள் பார்த்தது கன்றை இல்லை, முடிச்சைத்தான்.

தனம் ஏழு மாத வயிற்றோடு என் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மேரியக்காதான் முதலில் பேசினார். "நான் கட்டுனது சார்."

"நீங்க கட்டினது" என்றார் சார்.

மேரியக்கா கட்டுவதே இல்லை, அலசுவது மட்டும்தான். அது சாருக்கும் தெரியும். அவர் திருப்பிச் சொன்னதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா பொய் சொல்லுது சார்" என்றாள் தனம். "நான் கட்டுனது."

"நீங்க கட்டினது. இது எப்படி உள்ள வந்துது தனம்?"

"தெரியல சார்."

"தெரியல" என்றார் சார், வழக்கம்போல.

தனம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆமா சார், தெரியல. பொழுது சாஞ்சா எனக்கு கண்ணே தெரியல சார்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மேரியக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி, எத்தினி நாளா?"

"மாசமானதுலேர்ந்துக்கா. பகல்ல நல்லாதான் கீது. விளக்கு வெக்கற நேரம் வந்தா எல்லாம் பொகையாட்டம் ஆயிடுது. தண்டத் தடவித் தடவித்தான் புடுங்கறேன். சொன்னா வேலைக்கு வராதன்னுடுவாங்கன்னு சொல்லல. வூட்டுலயும் சொல்லல."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சில மாதமாக ஏரிக்கரையில் வீடு திரும்பும்போது தனம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். "அசதியா கீதுக்கா" என்பாள். வயிற்றுக்காரி, பாவம் என்று நானும் மெதுவாக நடப்பேன்.

சேகர் கத்தினார். "கண்ணு தெரியாதவங்களை வெச்சுத்தான் கீரை பறிக்கிறீங்களா? எங்கம்மா உயிருக்கு யார் பதில் சொல்றது? நான் போலீசுக்குப் போறேன்." அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் நடந்திருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் பின்னாலயே வரேன். போலீஸ் வந்தாலும் இதேதான் சொல்வேன், எங்க தோட்டத்துலதான் நடந்தது. ஆனா வரதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு." எங்கள் பக்கம் திரும்பினார். "நேத்து அந்தப் பாத்தியில பிடுங்கினது எல்லாம் வெளிய போயாச்சு. இன்னும் எத்தனை கட்டுல இருக்கோ. ராத்திரி சமைக்கிறவங்க இருப்பாங்க."

முனுசாமி அண்ணனுக்கு அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்துவிட்டது. "சார், இத தெருவுல போய்ச் சொன்னா, அப்பறம் நம்ம கீரைய ஒரு நாய்கூட மோந்து பாக்காது."

"ஒரு நாய்கூட மோந்து பாக்காது" என்றார் சார். "சரி. வாங்க."

முனுசாமி அண்ணன் மார்க்கெட்டுக்குப் பறந்தார். கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் சேலையூருக்குள் போனோம். ஆளுக்கொரு தெரு. தலையில் காலிக் கூடை. கீரை விற்கப் போகிறவர்கள் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். கீரையைத் திரும்பக் கொடுங்கள் என்று கூவுவதற்கு எங்களுக்கு வார்த்தையே வரவில்லை. முதல் வீட்டு வாசலில் நான் தொண்டையைச் சரி செய்துகொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிறகு, "முளைக்கீரை வாங்கினவங்க சமைக்காதீங்க! கீரைய எடுத்தாந்து குடுங்க! வெஷச்செடி கலந்துடுச்சு!" என்று எப்படியோ வந்துவிட்டது. வந்த பிறகு நிற்கவில்லை.

கேம்ப் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் சார் நின்றுகொண்டிருந்தார். அவரும் கூவினார். பல வருஷம் ரிசீவரில் பேசிய குரல். பக்கத்தில் போகிறவருக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூவினார். சத்தம் உடைந்து கீச்சென்றது. சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "உங்க வீட்டுல இன்னைக்கு முளைக்கீரையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வீட்டில் கீரையை என் மூஞ்சியில் எறிந்தார்கள். இன்னொரு வீட்டில், "மத்தியானமே சாப்பிட்டோமே, ஒண்ணும் ஆகலையே" என்று பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கீரை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா சட்டியை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு, "நல்லவேளைம்மா" என்றார். மேரியக்கா தனத்தை வீட்டுக்குப் போகச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அவளும் தெருத் தெருவாக வந்தாள். இருட்டியதும் கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் முன்னால், மறைக்காமல்.

திரும்பி வந்த கட்டுகளைத் தோட்டத்தில் விளக்குக்குக் கீழே கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பெரும்பாலும் நல்ல கீரை. அடியில் கிடந்த ஒரு கட்டில் இன்னொரு ஊமத்தங்கன்று இருந்தது. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேரியக்கா வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். முனுசாமி அண்ணன் மட்டும், "நாய் மோந்து பாக்காட்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பம்பு ரூமுக்குப் போய்விட்டார்.

கூவி முடித்துவிட்டுப் போன சார் அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டார். மறுநாள் என்னையும் தனத்தையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தனம்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். வயிற்றைக் கழுவி மருந்து கொடுத்ததில் டீச்சரின் மாமியாருக்குத் தெளிந்திருந்தது. கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சேகர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தனம் கட்டிலின் கால்மாட்டில் நின்று கும்பிட்டாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனாவது மாசம்?"

"ஏழும்மா."

"முதல் பிள்ளையா?"

"ஆமாம்மா."

"பொழுது சாஞ்சா உனக்குக் கண்ணு தெரியலைன்னு உங்க சார் சொன்னார். நீ கீரை சாப்பிடறதில்லையா?"

தனம் என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் யாருமே சாப்பிடுவதில்லை. சார் வேண்டாம் என்று சொன்னது கிடையாது. ஒடிந்தது, உதிர்ந்தது எல்லாம் மாட்டுக்குப் போகும். நல்லது மார்க்கெட்டுக்குப் போகும்.

"நாள் பூரா அதத்தாம்மா தொட்டுக்கினு கீறோம். வூட்டுக்குப் போயி மறுபடியும் அதையே ஆயறதுக்குத் தெம்பில்லம்மா. கொழம்பு ஊத்தி துன்னுட்டு படுத்துடுவேன்."

அந்த அம்மா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார். "உன் கீரையைச் சாப்பிட்டு நான் எங்க வீட்டுக்காரரோட நாள் முழுக்கச் சண்டை போட்டேன், தெரியுமா? அவர் போயே பல வருஷம் ஆச்சு. நல்லா கேட்டுட்டேன், எல்லாத்தையும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். சேகருக்கு அதற்கு மேல் கோபமாக நிற்க முடியவில்லை. போலீசுக்குப் போகவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்து சாரிடம் சொன்னார். "அம்மா மன்னிச்சுடலாம். எங்க வீட்டுக்குள்ள இனிமே உங்க கீரை வராது."

"உங்க வீட்டுக்குள்ள வராது. சரி" என்றார் சார்.

அடுத்த வாரமே சார் தனத்தைப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். மாலைக்கண் என்றார்கள். சத்துக் குறைவு, வயிற்றில் பிள்ளை இருப்பதால் கூடுதலாகத் தெரிகிறது, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர முடியும், மீதியைச் சாப்பாட்டில்தான் சரி செய்ய வேண்டும் என்றார் அங்கிருந்த லேடி டாக்டர். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். கீரை பறிக்கிறேன் என்று தனம் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சீட்டை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தோட்டத்தில் நடைமுறை மாறியது. தனம் வேலையை விட்டுப் போகவில்லை, காலை விதைப்புக்கு மாறினாள். பொழுது சாய்ந்து பிடுங்குவது நின்றது. நல்ல வெளிச்சத்தில் மட்டும்தான். பிடுங்கிய கையோடு தண்ணீரில் வேரை முக்கி, இரட்டைச் சாக்கு போட்டு மூடினோம். அப்படியும் கொஞ்சம் துவளத்தான் செய்தது. மார்க்கெட்டில் முணுமுணுத்தார்கள். அடுத்தது, ஒருத்தி பிடுங்கினால் இன்னொருத்தி அதை விரித்துப் பார்த்த பிறகுதான் நார் சுற்ற வேண்டும். வேலை பாதி வேகத்தில் நடந்தது. மூன்றாவது, மத்தியானச் சாப்பாடு. தொட்டிக்குப் பக்கத்தில் கல் கூட்டி, மேரியக்கா ஒரு பெரிய பானையில் பருப்பும் கீரையுமாகக் கடைவார். ஆயும் வேலை எல்லோருக்கும் பங்கு. சாரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். முதல் நாள் ஆள் ஆளுக்கு மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். நாங்கள் வளர்த்ததை நாங்களே சாப்பிடுவதில் அப்படி ஒரு கூச்சம்.

முனுசாமி அண்ணன் சொன்னது போலத்தான் நடந்தது. கொஞ்ச காலம் எங்கள் கீரை என்றாலே சேலையூரில் கதவைச் சாத்தினார்கள். கன்னியம்மா அழுதுகொண்டே கூடையைத் திரும்பக் கொண்டுவருவார். ஓரத்தில் போட்டிருந்த கத்திரியும் வெண்டையும்தான் அந்த நாட்களில் எங்களைத் தாங்கின.

பிள்ளை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள். வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தோம். நன்றாக மங்கிவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேரியக்கா நடந்து போனார். தனம் திடீரென்று என் தோளைத் தட்டினாள். "அக்கா, மேரியக்கா பொடவ பச்சதான?"

பச்சைதான். பச்சையில் மஞ்சள் கரை. கரையையும் சொன்னாள். சத்தம் கேட்டு மேரியக்கா திரும்பி வர, மூன்று பேரும் வாய்க்காலிலேயே நின்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். சார் வரப்பில் நடந்து பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டார். "பச்சப் பொடவ சார், மஞ்சக் கரை" என்றாள் தனம். "பச்சைப் புடவை. மஞ்சள் கரை" என்றார் அவர். அன்று அதை இரண்டு தடவை சொன்னார்.

வசந்தா டீச்சர் அடுத்த கோடையில் வந்தார். வீட்டுக்குத் தெரிந்து வந்தாரா, தெரியாமல் வந்தாரா, நாங்கள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தோட்டத்து வாசலில் நின்று ஒரு கட்டு கேட்டார். கொடுத்தோம். அங்கேயே நாரை அவிழ்த்து, முறத்தில் பரப்பி, தண்டு தண்டாகப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு தடவையாவது வருவார். ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துப் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "இன்னா இந்த டீச்சரு, நம்மள திருடி மாதிரி பாக்குது" என்று முகம் சுளித்தாள். சார், "அவங்க பாக்கணும். பாக்கட்டும்" என்றார். வருஷக்கணக்கில் பார்த்தார். அவர் வருவதைப் பார்த்துத்தான் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. கிணற்று நீர் கீழே போனது. சாருக்கு நெஞ்சுவலி வந்து, பிள்ளைகள் வற்புறுத்தியதில் அவரும் நிலத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். நாங்கள் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நான் தனத்தைப் பார்த்தேன். "எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான் சார், கீரைதான் போடுவோம்" என்றாள் அவள். "கீரைதான் போடுவீங்க" என்று சொல்லிவிட்டுச் சார் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வேங்கைவாசல் பக்கம் அவருக்குத் தெரிந்தவர் நிலம் சும்மா கிடந்தது. எங்கள் பெயரிலேயே குத்தகைக்குப் பேசிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனார். முனுசாமி அண்ணனும் எங்களோடு வந்துவிட்டார். மேரியக்காவுக்கு வயதாகிவிட்டது. இருந்தாலும் மத்தியானப் பானைக்கு மட்டும் வந்து போவார்.

புதிய இடத்தின் முதல் அறுவடையைக் கேம்ப் ரோட்டோரம் சாக்கு விரித்து நானும் தனமும் வைத்து உட்கார்ந்தோம். நல்ல காலை வெயில். எங்களுடையது என்று சொல்லி நாங்கள் விற்ற முதல் கீரை. யார் வாங்குவார்கள் என்று தெரியவில்லை. கூவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

வசந்தா டீச்சர் பஸ்ஸுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். "ரெண்டு முளைக்கீரை குடும்மா" என்றார். வாங்கினார். பையைத் திறந்து அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு திரும்பினார்.

தனம்தான் எழுந்தாள். "டீச்சர், பிரிச்சிப் பாக்கலியே?"

"வேணாம்மா. பஸ் வந்துடும்."

"பஸ்ஸு வரட்டும் டீச்சர்."

தனம் கையை நீட்டினாள். டீச்சர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு இரண்டு கட்டையும் எடுத்துக் கொடுத்தார். தனம் குந்தி உட்கார்ந்து, நாரை அவிழ்த்து, சாக்கின் மேல் கீரையைப் பரப்பி, ஒவ்வொரு தண்டாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்து அந்தப் பக்கம் வைத்தாள். அவசரப்படவில்லை. பஸ் வந்தது, நின்றது, போனது. டீச்சர் பையைக் கையில் பிடித்தபடி, அவள் முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்.